முதன்முறை போனில் பணம் அனுப்பப் போகிறீர்களா? யூபிஐ பழகும் வழி

பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. "சில்லறை இல்லைங்க, ஜிபே பண்ணிடுங்க" என்று கடைக்காரர் சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் இன்னும் நிறையப் பேர். இவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் இல்லை. ஜன்தன் கணக்கோ, மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கோ, நூறுநாள் வேலைச் சம்பளம் ஏறும் கணக்கோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைப் போனோடு சேர்த்துக்கொள்ளத்தான் பயம். அவர்களுக்காகவும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் படிக்கலாம், அவர்களுக்கும் வழி உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "அவர்கிட்ட போன்பேதான் இருக்கு, என்கிட்ட ஜிபே. எப்படி அனுப்புறது?" என்று பலர் கேட்பார்கள். தாராளமாக அனுப்பலாம். ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாமே யூபிஐ என்ற ஒரே முறையில்தான் ஓடுகின்றன. இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016ல் கொண்டுவந்த முறை அது. எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும், எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யூபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. பணம் செயலிக்குள் இருப்பதில்லை, வங்கிக் கணக்கிலேயேதான் இருக்கிறது. பேரன் விளையாடும்போது செயலியை அழித்துவிட்டால் பணம் போய்விடாது. திரும்ப இறக்கிக்கொண்டால் போதும்.

எந்தக் கணக்கை இணைப்பது?

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சம்பளம், ஓய்வூதியம், நகை அடகு வைத்த பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த தொகை என்று எல்லாம் கிடக்கும் கணக்கை யூபிஐயில் இணைக்காதீர்கள். செலவுக்கென்று தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. வங்கி தூரமாக இருந்தால் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் தொடங்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரையும் கைரேகையையும் வைத்துத் திறந்து கொடுப்பார். மாதத் தொடக்கத்தில் பெரிய கணக்கிலிருந்து மூவாயிரமோ ஐயாயிரமோ அதில் போட்டுவிட்டு, அதிலிருந்து மட்டும் செலவு செய்யுங்கள். யாராவது ஏமாற்றினாலும் போவது அந்த மூவாயிரம்தான். மோசடி பற்றி எவ்வளவு எச்சரித்தாலும் பதற்றத்தில் இருக்கும் மனிதர் தவறு செய்வார். தவறு செய்தாலும் தாங்கக்கூடிய அளவில் பணத்தை வைப்பதுதான் உண்மையான காவல்.

வங்கியில் முடிக்க வேண்டியவை

செயலியை இறக்கும் முன் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். பாதிப் பேர் இங்கேயே மாட்டிக்கொண்டு, "ஆப் வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, உங்கள் போன் எண் அந்தக் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த எண் பழைய எண்ணாக இருக்கலாம், மகன் எண்ணாக இருக்கலாம். பாஸ்புக், ஆதார் நகலோடு கிளைக்குப் போய் படிவம் எழுதிக் கொடுத்து இப்போதைய எண்ணைப் பதிவு செய்யுங்கள். பணம் போட்டாலோ எடுத்தாலோ உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால், எண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, ஏடிஎம் கார்டு. வாங்கி பீரோவில் வைத்த புதுக் கார்டாக இருந்தால், ஒருமுறை ஏடிஎம்முக்குப் போய் அதற்கு ரகசிய எண் போட்டு உயிர் கொடுத்துவிடுங்கள். கார்டே இல்லையென்றால் ஆதார் மூலமாகவும் பதியலாம். பல வங்கிகள் அதற்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் ஆதாரில் இருக்கும் போன் எண்ணும் வங்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது உங்கள் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். இந்த எண் இந்த போனில்தான் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் உறுதி செய்கிறார்கள். குறுஞ்செய்தி இல்லாத மலிவான ரீசார்ஜ் போட்டிருந்தால் அந்தச் செய்தி போகாது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு சிம் போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான்.

செயலியில் பதியும் வரிசை

1. பிளே ஸ்டோருக்குப் போய் நீங்களே தேடி இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பிய இணைப்பையும் தொட வேண்டாம், அனுப்பியவர் மச்சானாக இருந்தாலும் சரி. எதை இறக்குவது என்று கேட்டால், புதியவர்களுக்கு பீம் போதும் என்பேன். யூபிஐயைக் கொண்டுவந்த கழகத்திடமிருந்தே வருவது, விளம்பரத் தொல்லை குறைவு. வீட்டில் எல்லோரும் வேறொன்று வைத்திருந்தால் அதையே போடுங்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

2. திறந்ததும் மொழி கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், ஆனாலும் புரியும்.

3. வங்கியில் பதிந்த எண் உள்ள சிம்மைத் தேர்ந்தெடுங்கள். குறுஞ்செய்தி போய் உறுதியாகும்வரை போனை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

4. செயலியைத் திறக்க ஒரு பூட்டு எண்ணோ கைரேகையோ கேட்கும். வைத்துக்கொள்ளுங்கள்.

5. பட்டியலில் உங்கள் வங்கியைத் தொட்டால் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் தெரியும். பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் சின்னக் கணக்கையே தேர்ந்தெடுங்கள்.

6. அடுத்து யூபிஐ பின், அதாவது பணம் அனுப்பும்போது அழுத்தும் ரகசிய எண். ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கங்கள், காலாவதியாகும் மாதம், வருடம் இரண்டையும் போட்டால் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் எண், குறுஞ்செய்தியில் வரும். அதைப் போட்டபின் நீங்களாக நான்கு அல்லது ஆறு இலக்க எண் ஒன்றை இரண்டு முறை அழுத்த வேண்டும். பிறந்த வருடம், வண்டி எண் வேண்டாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இப்போது உங்களிடம் நான்கு ரகசிய எண்கள் சேர்ந்துவிட்டன: போனைத் திறக்க ஒன்று, செயலியைத் திறக்க ஒன்று, ஏடிஎம்மில் அழுத்த ஒன்று, யூபிஐ பின் ஒன்று. எது எங்கே என்று தடுமாறி, தவறான எண்ணை மூன்று நான்கு முறை போட்டு, வங்கி அன்றைக்குப் பூட்டிவிடுவது புதியவர்களுக்கு வாடிக்கை. போனுக்கும் செயலிக்கும் கைரேகை வைத்துவிட்டால் அன்றாடம் அழுத்த வேண்டியது இரண்டுதான். அவை இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். மறந்துவிடும் என்று போனின் பின்னால் ஒட்டுகிறார்கள் சிலர். அதற்குப் பூட்டே போடாமல் இருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. மேலே ஆறாவது படியைத் திரும்பப் படியுங்கள். கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதித் தேதி, சிம்முக்கு வரும் ஓடிபி. இந்த மூன்றும் கையில் இருந்தால் பல வங்கிகளில் யாரும் உங்கள் கணக்குக்குப் புது பின் போட்டுவிடலாம், பழைய பின் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊரில் பஸ் ஏறும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் பலரும் ஏடிஎம் கார்டை எங்கே வைக்கிறார்கள்? போனின் பின்பக்க உறைக்குள். போன் தொலைந்தால் சிம்மும் கார்டும் சேர்ந்தே போகின்றன. கார்டை அங்கிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பிலோ புகைப்படங்களிலோ கார்டின் படம் இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். சிம்முக்கும் தனியாக ஒரு பூட்டு எண் போடலாம், போனின் அமைப்புகளில் இருக்கும். திருடியவர் சிம்மை வேறு போனில் செருகினாலும் அந்த எண் இல்லாமல் ஓடிபி வராது.

முதல் ஒரு ரூபாய்

கடையில் போய்ச் சோதிக்க வேண்டாம். வீட்டிலேயே மகளுக்கோ தம்பிக்கோ ஒரு ரூபாய் அனுப்புங்கள். போன் எண்ணைப் போட்டதும் பெயர் வரும். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரையே காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் கடைசியிலிருந்து விதி. அதனால் இந்தப் பெயரை நம்பலாம், கட்டாயம் படிக்கவும் வேண்டும். தொகை, பிறகு பின், பச்சை நிற டிக். அவர்களைத் திரும்ப ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது உங்கள் போனில் எதுவும் அழுத்த வேண்டியிருக்காது, பணம் தானாக வந்து சேரும். இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் மோசடி பற்றிச் சொல்லும்போது இதுதான் கைகொடுக்கும்.

புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தம் ₹5,000 வரைதான் அனுப்ப முடியும். அதன்பின் பொதுவாக நாளுக்கு ஒரு லட்சம் ரூபாய், சில வங்கிகள் அதைவிடக் குறைவாக வைத்திருக்கும். உங்கள் வங்கிச் செயலியில் வழி இருந்தால் வரம்பை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்க ஒரு லட்சம் எதற்கு?

கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்யும்போது, பெயர்ப்பலகையில் ‘முருகன் ஸ்டோர்’ என்று இருக்கும், திரையில் ‘செல்வி கே’ என்று வரும். பயப்பட வேண்டாம், உரிமையாளர் பெயராக இருக்கலாம். "செல்வின்னு வருதுங்க, சரிதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுத்துங்கள். கடை அட்டைமேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் வேலையும் நடப்பதுண்டு. தவறான ஆளுக்குப் போன பணத்தை, அவர் சம்மதிக்காமல் வங்கியால் எடுத்துத் தர முடியாது. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

டீ, பேருந்து டிக்கெட் மாதிரிச் சின்னச் செலவுகளுக்கு யூபிஐ லைட் வசதி உண்டு. கணக்கிலிருந்து அதிகபட்சம் ₹5,000 வரை தனியாக எடுத்து வைத்து, பின் போடாமலே ஒரு தடவைக்கு ₹1,000 வரை செலுத்தலாம். வசதிதான். ஆனால் பூட்டாத போன் அடுத்தவர் கையில் கிடைத்தால் அந்தப் பணம் போனதுதான், முந்நூறு நானூறுக்குமேல் வைக்காதீர்கள்.

பட்டன் போனில்

இணையமே தேவையில்லை. வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# என்று அழுத்தி அழையுங்கள். தமிழில் வேண்டுமென்றால் *99*23#. முதல் முறை வங்கியின் பெயரையோ, பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளையோ கேட்கும். பிறகு கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதித் தேதி, புது பின். முடிந்தபின் ஒவ்வொரு முறையும் எண் போட்ட பட்டியல் வரும். 1 என்றால் பணம் அனுப்ப, 3 என்றால் இருப்பு பார்க்க. ஒன்றை அழுத்தி, போன் எண், தொகை, பின் என்று போக வேண்டும். ஒரு தடவைக்கு ₹5,000 வரைதான். நடுவில் யோசித்துக்கொண்டு நின்றால் திரை மூடிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எண்ணையும் தொகையையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழுத்துங்கள். சில நிறுவன சிம்களில் இது எடுப்பதில்லை.

அப்படி எடுக்காவிட்டால் யூபிஐ 123பே இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பட்டன் போன்களுக்காகவே தொடங்கி வைத்தது. ஒரு எண்ணுக்கு அழைத்தால் குரல் கேட்கும், அது சொல்லச் சொல்ல எண்களை அழுத்தினால் பணம் போகும். வரம்பு ₹10,000. அழைக்க வேண்டிய எண்ணை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைக்கவே கூடாது, வாடிக்கையாளர் சேவை எண் என்று போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

பின் எப்போது போட வேண்டும், எப்போது கூடாது

யூபிஐ பின் என்பது வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் போடும் கையெழுத்து மாதிரி. பின் போட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது. இருப்பு பார்ப்பதைத் தவிர அதற்கு விலக்கு இல்லை. பணம் வாங்கப் பின்னும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்திருப்பீர்கள். ஒருவர் பேரமே பேசாமல் ஒத்துக்கொள்வார். "நான் ராணுவத்துல இருக்கேன் அண்ணா, முன்பணம் அனுப்புறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க கணக்குல ஏறிடும்" என்பார். அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். "தப்பா உங்க நம்பருக்கு இருபதாயிரம் போட்டுட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம், திருப்பி அனுப்புங்கம்மா" என்று அழுகிற குரலும் வரும். கூடவே வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு குறுஞ்செய்தியும் வரும். குறுஞ்செய்தியை நம்பாமல் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே பணம் ஏறியிருந்தால்கூட நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். "உங்க வங்கியில எழுதிக் கொடுங்க, அவங்க கேட்டா நான் சம்மதம் தர்றேன்" என்று சொல்லுங்கள்.

ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை இப்படிப்பட்ட மோசடிகளால்தான் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள். ஏமாற்றுபவர்கள் வேறு வழிக்கு மாறிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. தொட்டு நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். திரையைப் பகிரச் சொல்லும் செயலியும் அப்படித்தான். எந்த வங்கி அதிகாரியும் உங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை வேறு விதம். பச்சை டிக் போட்ட படத்தை நீட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள், அப்படிப் படம் காட்டவே போலிச் செயலிகள் உண்டு. ஒலிப்பெட்டி பேசும்வரை, அல்லது உங்கள் போனில் பணம் ஏறியது தெரியும்வரை சாமானைக் கொடுக்காதீர்கள்.

பணம் சிக்கிக்கொண்டால்

கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. திரையில் ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று நிற்கும். உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள், சற்றுப் பொறுத்து, முடிந்தால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரிசர்வ் வங்கி 2019ல் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளைக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 வங்கி உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி, வராவிட்டால் கேளுங்கள். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு செயலியிலேயே புகார் செய்யுங்கள், அடுத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

மோசடி என்றால் வேகம் வேண்டும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவர்களால் முடியும். வெட்கப்பட்டு இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் அழைப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் திருடியிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை என்று 2017ன் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. நீங்களே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் இழப்புதான், தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் வங்கி, அப்புறம் காவல் நிலையம். போன் எண்ணையே மாற்றினால் மறக்காமல் வங்கியில் புது எண்ணைப் பதியுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் முடக்கிவிட்டு, பிற்பாடு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று நினைக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவருக்கு வங்கிக் கணக்கை இணைக்கவே வேண்டாம். யூபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி 2024ல் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்யலாம். மாதம் ₹15,000க்குள் நீங்கள் குறிக்கும் தொகைவரை அவரே செலுத்தும்படி விடலாம், ஒரு தடவைக்கு ₹5,000க்கு மேல் போகாது. அல்லது ஒவ்வொரு முறையும் உங்களிடம் அனுமதி கேட்டு, நீங்கள் பின் போட்டால்தான் போகும்படியும் வைக்கலாம். அப்பா மருந்துக்கடையில் ஸ்கேன் செய்வார், கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் உங்கள் போனில் கேள்வி வரும், நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்வீர்கள். முதல் இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, கை பழகியபின் தொகை வரம்போடு அவரிடமே விட்டுவிடலாம்.